வந்தியின் பங்கு

(திருக்கோயில் உழவாரப் பணிநாளில் ஆற்றிய சொற்பொழிவு)



உழவாரப் பணிக்குக் கூடியுள்ள உங்களிடம், ஆலவாய் அண்ணல் மண் சுமந்த வரலாற்றைப் பேச விழைகிறேன். நீங்கள் அறிந்ததுதான். பரஞ்சோதி முனிவர் அருளிய 64 திருவிளையாடல்களுள் இது 61-ஆவது.

வையை பெருகிக் கரை உடைந்தது. பாண்டியன் ஆணைப்படி கரையை அளந்து குடிதோறும் பங்கிட்டனர். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கும் ஒரு பங்கு. அவளோ தள்ளாத முதியவள், துணையிலி. பெருமான் கூலியாளாய் வந்தார். பிட்டே கூலி என்றார். உண்டார், ஆடினார், உறங்கினார். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லா உயிர்கள் மேலும் பட்டது.

அடியேன் பல்லாண்டுகள் இப்படலத்தை மாணவர்க்குக் கற்பித்தவன். பெருமானின் எளிமையைச் சொன்னேனேயன்றி, வந்தியின் அண்டை வீட்டாரைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை. இப்புறத்தார் தம் பங்கை அடைத்தனர். அப்புறத்தாரும் தம் பங்கை அடைத்தனர். இடையே கிழவியின் பங்கு அடைபடாமல் கிடந்தது. வெள்ளம் என்ன, பங்கு பார்த்தா நுழையும்? அவ்வொரு வழி போதாதா, ஊர் முழுதும் நீராக?

அடியேனின் இளமையில் எங்கள் ஊர் ஏரியில் குடிமராமத்து நடைபெறும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருதல் வேண்டும். ஆளில்லாத வீட்டார் நீர்மோர் கொணர்வர். சிலர் கூடை முடைந்து தருவர். அதனையும் முழுப் பங்காகவே பெரியோர் எண்ணினர். கணக்கில் குறைத்து எழுதியதை நான் கண்டதில்லை.

இத்தனையும் அறிந்த நான், சென்ற மாதம் ஒரு பிழை செய்தேன். திருச்சுற்றில் நாம் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது மூதாட்டி ஒருவர் வந்து, "நானும் பிடுங்கட்டுமா ஐயா?" என்றார். "நீங்கள் நிழலில் இளைப்பாறுங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். இரக்கம் என்றே எண்ணினேன். அவர் முகம் வாடியது வீடு சென்ற பின்னரே நெஞ்சில் உறுத்திற்று. அப்பர் பெருமான் முதுமையிலும் திருப்புகலூரில் உழவாரம் ஏந்தினாரே. அவரை அகவை கேட்டுத் தடுத்தார் யார்? வந்திக்குப் பங்கு தந்தவர் துணை தரவில்லை. நானோ பங்கையே தரவில்லை.

இன்று அவரைத் தேடிச்சென்று அழைத்து வந்துள்ளோம். தெற்குத் திருச்சுற்றில் அமர்ந்தபடியே கல்லிடுக்குப் புல்லைக் களைகிறார்; சிறுவர் இருவர் கூடையில் அள்ளுகின்றனர். உங்கள் தெருவிலும் இத்தகையோர் இருப்பர். அடுத்த பணிநாளில் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். விளக்குத் துலக்கவும், திரி திரிக்கவும், பூத்தொடுக்கவும் இங்கே கைகள் போதவில்லை.