கணக்கு எழுதும் கை, கண்டுபிடிப்பையும் எழுதட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘கண்டுபிடிப்பும் காப்புரிமையும்’. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு எங்க ஊர் அக்கா ஒருத்தர், “ஏனுங்க, அதெல்லாம் காலேஜ் படிச்ச எஞ்சினியருங்க சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்குங்க?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லணும்னா, முதல்ல எங்க குழு ஏமாந்த கதையைச் சொல்லணும்.

எங்க குழு ஜவ்வரிசி வத்தல் போடுற குழு. கூழ் காய்ச்சி, துணியில ஊத்தி, மறுநாள் உரிச்சு, அப்புறம் ரெண்டு நாள் ஒவ்வொண்ணா திருப்பிப் போட்டுக் காய வைக்கணும். மொட்டை மாடி வெயில்ல ஆயிரம் வத்தலைத் திருப்பினா முதுகு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எங்க குழுவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் லேத்து பட்டறையில வேலை பார்க்கிறவர். அந்த அக்கா கம்பியில ரெண்டு சட்டம் பண்ணச் சொல்லி, நைலான் வலை கட்டி, கீல் போட்டு, கொக்கி வச்சுக் கொண்டுவந்தாங்க. உரிச்ச வத்தலை ஒரு வலையில பரப்பி, மேல இன்னொரு வலையை மூடிக் கொக்கியை மாட்டி, ரெண்டு பேரா ஒரே புரட்டு. அவ்வளவுதான். காக்கா கொத்தாது, காத்துல பறக்காது. அரை நாள் வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்.

பெருமை தாங்கலை. ஒரு கண்காட்சிக்கு வத்தலோட சட்டத்தையும் எடுத்துட்டுப் போய் வச்சோம். ஒருத்தர் வந்தார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். கம்பி எத்தனை எம்.எம்., கீல் எங்க வாங்குனீங்கன்னு விசாரிச்சார். நாங்களும் டீ வாங்கிக் குடுத்து விலாவாரியா சொன்னோம். அடுத்த வருஷம் வேற ஊர் கண்காட்சியில அதே சட்டம், பேர் ஒட்டி, விலை போட்டு நிக்குது. கேட்டதுக்கு, “உங்களோடதுங்கிறதுக்கு என்னங்க அத்தாட்சி?”ன்னு ஒரே வார்த்தை. அந்த அக்கா பேசாம திரும்பி நடந்தாங்க.

வீட்டுக்கு வந்து எங்க தீர்மான நோட்டைப் புரட்டினோம். அன்னிக்கு அவருக்கு வாங்கின டீ செலவு அதுல இருக்கு. அந்தச் சட்டத்தைப் பத்தி ஒரு வரி இல்லை.

அந்தச் சட்டத்துக்குக் காப்புரிமை கிடைச்சிருக்குமா, கிடைச்சிருக்காதா, அது வேற விஷயம். கேட்டுப் பார்க்கிற வாய்ப்பே எங்களுக்கு இல்லாமப் போச்சு. அதனாலதான் இன்னிக்கு ஒரே ஒரு செய்தியை உங்ககிட்டச் சொல்ல வந்திருக்கேன். ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி எழுதி வையுங்க.

எழுதி வச்சதால ஜெயிச்ச ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்று ஒரு பெண்மணி, 1838இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே நூல் ஆலை வேலைக்குப் போனார். பள்ளிபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை புரியும். பன்னிரண்டு வயதில், தறியிலிருந்து நாடா தெறித்து ஒருவரைக் காயப்படுத்தியதைப் பார்த்தார். நாடா வெளியே பாயாமல் தடுக்க ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தார். ஆலைகள் அதை எடுத்துக்கொண்டன. காப்புரிமை என்று ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

பெரியவளானதும் காகிதப்பை செய்யும் கம்பெனியில் வேலை. அன்றைக்குக் காகிதப்பை என்றால் தபால் உறை மாதிரி இருக்கும், அடிப்பாகம் தட்டையாக நிற்காது. தட்டையான அடிப்பாகத்தை மடித்து ஒட்டும் இயந்திரம் ஒன்றை மார்கரெட் உருவாக்கினார். பட்டறையில் அது தயாராகிக்கொண்டிருந்தபோது சார்லஸ் அன்னன் என்பவர் பார்த்துவிட்டு, தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். மார்கரெட் வழக்குப் போட்டார். “இவ்வளவு சிக்கலான இயந்திரம் ஒரு பொம்பளைக்குப் புரியுமா?” என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். மார்கரெட் தன் வரைபடங்களையும் குறிப்பேடுகளையும் எடுத்து வைத்தார், பார்த்தவர்களைச் சாட்சி சொல்ல வைத்தார். ஜெயித்தார். 1871இல் காப்புரிமை அவர் பெயருக்கு வந்தது. சிறுமியாக இருந்தபோது இழந்ததை, குறிப்பேடு வைத்திருந்த காலத்தில் இழக்கவில்லை.

அடுத்த கதை நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. மஞ்சள். நாமகிரிப்பேட்டை ஏலத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகிற அதே மஞ்சள். 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. கேட்டால் சிரிப்பு வரும். அரிவாள்மணையில் விரல் பட்டால் நம்ம பாட்டி முதலில் தேடியது எதை? ஆனால் “எங்க பாட்டி போட்டாங்க” என்று சொன்னால் அங்கே எடுபடாது. எழுத்தில் இருக்கணும். நம்ம நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். என்னும் ஆராய்ச்சி மன்றம் 1996இல் அதை எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூல்களில் இருந்தும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையில் இருந்தும் ஆதாரம் காட்டினார்கள். 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

அதற்குப் பிறகுதான் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களில் இருக்கும் பழைய அறிவை மின்னணு நூலகமாகத் திரட்டும் வேலை 2001இல் தொடங்கியது. நம்ம மஞ்சளைக் காப்பாற்றியது யாரோ எந்தக் காலத்திலோ எழுதி வைத்த வரிகள்தான். இதில் இன்னொரு பாடமும் இருக்கு. ஊருக்கே தெரிந்த பழைய பக்குவத்தை நாமளும் தனி உரிமை கேட்க முடியாது. அது எல்லாருக்கும் சொந்தம்.

சரி, காப்புரிமை என்றால் என்ன? மூன்று விஷயம் இருக்கணும். உலகத்தில் முன்னாடி வெளியாகாத புதுசா இருக்கணும். அந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் சட்டென்று தோன்றிவிடாததா இருக்கணும். தொழிலில் பயன்படணும். இது மூன்றும் இருந்தால், விண்ணப்பித்த தேதியில் இருந்து 20 வருஷத்துக்கு உங்கள் அனுமதி இல்லாமல் அதை யாரும் செய்யவோ விற்கவோ கூடாது. பதிலுக்கு நீங்கள் அதன் முழுச் செய்முறையையும் எழுதிக் கொடுக்கணும். 20 வருஷம் முடிந்தால் அது பொதுச்சொத்து. ஒரு வகையில் நம்ம குத்தகை மாதிரி.

அந்த ‘வெளியாகாத’ என்கிற வார்த்தையில்தான் நாங்கள் விழுந்தோம். பொது இடத்தில் நாமே காட்டிவிட்டால், பொதுவாக அது ‘புதுசு’ என்ற தகுதியை இழந்துவிடும். அரசு தனியாக அறிவிக்கும் சில கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை நம்பி இறங்க வேண்டாம்.

இப்போது நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பார்ப்போம். கோயம்புத்தூர் முருகானந்தம். நிறையப் பேருக்குத் தெரிந்த பெயர்தான். 1998வாக்கில், கல்யாணம் ஆன புதிதில், மனைவி மாதவிலக்குக்குப் பழைய துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்தார். கடையில் விற்கும் நாப்கின் ஏன் இத்தனை விலை என்று ஆராய ஆரம்பித்தார். பஞ்சில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிச் சோதித்தார். ஊர் கேலி பேசியது, வீட்டை விட்டு மனைவியும் கொஞ்ச காலம் போய்விட்டார். கோடிக்கணக்கில் விலை இருந்த இயந்திரத்தின் வேலையை, கூழை உதிர்ப்பது, அழுத்துவது, உறை போட்டு ஒட்டுவது, கிருமி நீக்குவது என்று தனித்தனிப் படியாகப் பிரித்து, சுமார் 65,000 ரூபாயில் செய்து காட்டினார்.

அவர் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய விஷயம். பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டு உட்காரவில்லை. யார் வாங்கலாம் என்று அவரே முடிவு பண்ணினார், நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ. உரிமை கையில் இருந்தால்தான், அதை யாருக்குக் கொடுப்பது என்று நாம் தீர்மானிக்க முடியும்.

அதே நேரத்தில், காகிதம் கிடைத்தால் மட்டும் காசு வந்துவிடாது. நாமக்கல் லாரிகளின் கண்ணாடியில் மழைத்தண்ணியைத் துடைக்கிற வைப்பரை எடுத்துக்குங்க. 1903இல் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, வண்டிக்குள்ளிருந்தே நெம்புகோலால் இயக்குகிற வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கம்பெனியிடம் கொண்டுபோனார், இது விலை போகாது என்று திருப்பி அனுப்பினார்கள். கார்கள் பெருகிய நேரத்தில் அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் விண்ணப்பிக்கும் முன் கணக்குப் போடணும். வாங்குகிறவர் யார், எத்தனை பேர், செலவு திரும்புமா? கடன் கேட்டு வருகிற உறுப்பினரிடம் நாம கேட்கிற கேள்விகள்தானே இதெல்லாம்!

இன்னொன்று, கண்டுபிடித்தவர் பெயர். 1715இல் இங்கிலாந்தில், மக்காச்சோளத்தைச் சுத்தம் செய்து பக்குவப்படுத்தும் முறைக்கு ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். கண்டுபிடித்தவர் சிபில்லா மாஸ்டர்ஸ். உரிமை எழுதப்பட்டது கணவர் தாமஸ் பெயரில். நம்ம குழுவில் அந்தத் தப்பு நடக்க வேண்டாம். வருமானத்தைக் குழுவுக்கு என்று எழுதிக்கொள்ளலாம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அந்த அக்கா பெயர்தான் வரணும். வீட்டுக்காரர் பெயரும் இல்லை, தலைவி பெயரும் இல்லை.

நம்ம மண்ணுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். மலேயாவில் இருந்து வந்த பொபட்லால் ஷா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இயந்திர வேலை தெரிந்த வெங்கடாசலக் கவுண்டர் கருவிகளை மேம்படுத்தினார். அந்தத் தொழில்தான் இன்றைக்கு இந்த வட்டாரத்துக்கே சோறு போடுகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. புவிசார் குறியீடு ஊருக்கு உரிமை, காப்புரிமை கண்டுபிடித்தவருக்கு உரிமை. இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

கடைசியா, நாம என்ன செய்யணும்?

ஒன்று, குழுவில் யாராவது வேலையைச் சுலபமாக்க ஒரு வழி கண்டுபிடித்தால், அன்றைக்கே தேதி போட்டு எழுதுங்க. படம் வரையுங்க. அளவு குறியுங்க. செய்தவர் பெயர் எழுதி, இரண்டு உறுப்பினர் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. ஆனால் நோட்டில் எழுதினால் மட்டும் உரிமை வராது. முதலில் விண்ணப்பிக்கிறவருக்குத்தான் நம்ம சட்டத்தில் முன்னுரிமை. வேறொருவர் நம்மிடம் இருந்து எடுத்து விண்ணப்பித்தால், எதிர்த்து நிற்க அந்த நோட்டு ஆதாரமாகும்.

இரண்டு, வெளியே காட்டுவதற்கு முன், தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேளுங்க. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் காட்டுவதுதான், மறந்துவிடாதீங்க.

மூன்று, தகுதி இருப்பதாகத் தோன்றினால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், பிறகு பரிசோதனைக்கு 4,000 ரூபாய். எழுதிக் கொடுக்கும் முகவருக்குத் தனிச் செலவு ஆகும். 2019இல் கொண்டுவந்த விதிப்படி, விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், அதற்கான கூடுதல் கட்டணம் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லித்தான் நம்மை வளர்த்தாங்க. சந்தா, சேமிப்பு, வட்டி, அபராதம் எல்லாத்தையும் பைசா விடாம எழுதுற கை நம்ம கை. மூளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். எங்க குழுவுல இப்ப அதுக்குன்னே தனி நோட்டு போட்டிருக்கோம்.

போன மாசம் அந்த அக்கா மறுபடியும் ஒரு வேலை பண்ணிக் கொண்டுவந்திருக்காங்க. தேதி போட்டு, படம் வரைஞ்சு, மூணு பேர் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கோம். அது என்னன்னு கேட்டா இந்த மேடையில சொல்ல மாட்டேன். ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.