தலைவர் மாறுவார், கொள்கை மாறும். நம் கோரிக்கை மாறக்கூடாது!

(வட்டப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



டீக்கடையில உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான். "எங்க தலைவர்தான் கரண்டு கொடுத்தார்", "எங்க அம்மாதான் கடனைத் தள்ளினாங்க." கொடுத்தது வாஸ்தவம். எப்போது, எதற்காகக் கொடுத்தார்கள் என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டாமா?

இலவச மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போராடினார்கள். 1972-லும் 1980-லும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கலைஞர் ஆட்சி எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கின. ரத்தம் சிந்தியது நாம், பெயர் வாங்கியது அவர்கள்.

2001-ல் அ.தி.மு.க. கூட்டணி 234 தொகுதியில் 196-ஐப் பிடித்தது. அந்தத் தைரியத்தில் 2003-ல் நம் பம்புசெட்டுக்குக் கட்டணம் போட்டார்கள். அதே ஆண்டு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் தோல்வி. ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள் மறுபடியும் இலவச மின்சாரம்! 196 சீட்டு இருந்தபோது கேட்காத காது, பூஜ்யம் வந்ததும் கேட்டுவிட்டது பாருங்கள்.

கூட்டுறவுக் கடன் கதையும் அதுதான். 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் தள்ளுபடி. ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்குக் கிடையாது. எல்லாருக்கும் தள்ளுபடி செய்யச் சொல்லி 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அரசு என்ன செய்தது? உச்சநீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. அதே கட்சி ஆட்சி, 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நான்கு வருஷமாக இல்லாத பணம் எங்கிருந்து வந்தது?

இது ஒரு கட்சியின் குணம் என்று நினைக்க வேண்டாம். 2011 தொடக்கத்தில் டெல்டா மீத்தேன் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது தி.மு.க. ஆட்சி. எதிர்க்கட்சி ஆன பிறகு அதே திட்டத்தை எதிர்த்துப் பேசியதும் அவர்கள்தான். நாற்காலியில் இருக்கும்போது ஒரு பேச்சு, இறங்கினால் ஒரு பேச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2004-ல் பின்வாங்கியவர்கள் 2006-ல் தோற்றார்கள். 2021-ல் கடனைத் தள்ளியவர்களும் தோற்றார்கள். கடைசி நேரத்தில் கொடுத்தது தலைவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் கிடைத்தது நமக்குத் தங்கியது. கொள்கையைத் திருப்பிய தலைவரைக் கேலி செய்வது நம் வேலை இல்லை. திரும்ப வைப்பதுதான் நம் வேலை.

தோழர்களே, இலவச மின்சாரம் யாரும் செப்புப் பட்டயத்தில் எழுதிக் கொடுத்ததல்ல. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 65-ஆவது பிரிவுப்படி, மாநில அரசு மானியப் பணத்தை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு வருஷம் பட்ஜெட்டில் அந்த வரி இல்லையென்றால் பில்லு நம் வீட்டுக்கு வரும். ஆகவே ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது மூன்று. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். அறிவிப்பு வந்தவுடனே பட்டாசு வெடிக்காமல், அரசாணையைக் கேளுங்கள்; யாருக்கு உண்டு, எந்தத் தேதி வரை என்பது அதில்தான் இருக்கும். கட்சிக் கரைவேட்டி எதுவானாலும் சங்கக் கூட்டத்துக்குப் பச்சைத்துண்டோடு வாருங்கள்.

நாற்பது பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றால் மனு வாங்குவார்கள். நாலாயிரம் பேர் நின்றால் கொள்கை மாறும்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!