காக்கைக்கு வைத்த சோறு

(ஆலயக் குடும்ப தினத்தன்று செயற்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு மணி அடித்தால்தான் நிறுத்தத் தெரியும். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மடைப்பள்ளிக்குப் பின்னால் சென்ற மாதம் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தோம். ‘பறவைகளுக்கு உணவிடாதீர்கள்’ என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. தமிழ் வாசகம் அடியேன் எழுதியது. வைத்த மறுவாரமே ஒரு மூதாட்டி என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்: “தம்பி, கோயில்லேயே காக்காய்க்குச் சோறு வைக்கக் கூடாதுன்னா, வேற எங்கே போய் வைக்கிறது?” அவர் இன்று மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பலகையை எழுதிய கையே பல ஆண்டுகள் புறாக்களுக்கு ரொட்டி போட்ட கை.

என் தகப்பனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அங்கே தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தேன். சோறு வடித்ததும் என் தாயார் முதல் பிடியை எடுத்து, ஒரு பருக்கை நெய் தொட்டு, கொல்லைப்புறக் கல்லில் வைத்து “கா... கா...” என்று கூப்பிடுவார். காகம் வந்து தொட்ட பிறகுதான் எங்கள் தட்டில் சோறு விழும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நான் அழுதாலும் அம்மா அசைய மாட்டார். காகம் முன்னோர் வடிவம், சனீசுவரனின் வாகனம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நமக்கு முன் இன்னொரு வயிறு இருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. காகம் கரைந்தால் விருந்து வரும் என்று நம்பிய இனம் நாம். சங்க காலப் பெண்பாற் புலவர் ஒருவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எனவே பாட்டியின் கேள்வி அவருடையது மட்டுமல்ல, இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் கேள்வி.

1984இல் ஈசூனில் வீவக வீடு கிடைத்தது. ஏழாவது மாடி. அம்மா சமையலறைச் சன்னல் விளிம்பில் சோறு வைக்க ஆரம்பித்தார். காகத்தோடு மாடப்புறாவும் வந்தது. 2011இல் அம்மா காலமானார். அதன்பின் அமாவாசைக்கு அமாவாசை வைத்தேன், பிறகு தினமும் வைத்தேன். சோறு மிஞ்சாத நாளில் ரொட்டி. உண்மையைச் சொன்னால், அந்தச் சிறகடிப்பு கேட்கும்போது அம்மா இன்னும் சமையலறையில் நிற்பதுபோல இருக்கும்.

2019இல் ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. ஆறாவது மாடியில் இருக்கும் சீனப் பாட்டி. கையில் ஒரு போர்வை. பேரப்பிள்ளை வருகிறான் என்று துவைத்து மூங்கில் கழியில் காயப்போட்டிருந்தாராம். அதன் மேல் வெள்ளையும் பச்சையுமாக எச்சம். அவர் சத்தம் போடவில்லை. மலாய் மொழியில் “ஆசிரியரே, மூன்றாவது தடவை துவைக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் போர்வையை வாங்கித் துவைத்துக் கொடுத்தேன். ஆனால் எத்தனை வருடங்களாக அவர் சொல்லாமல் துவைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என் புண்ணியத்தின் செலவை அடுத்த வீட்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவே சன்னலைச் சாத்தினேன். ஒரு வாரம் புறாக்கள் கண்ணாடியைக் கொத்தின. அந்த வாரம் எனக்கு எளிதாக இல்லை. பத்து நாளில் அவை வேறிடம் பார்த்துக்கொண்டன. ஒன்றுகூடப் பட்டினி கிடந்து செத்து விழவில்லை.

அதன்பிறகுதான் இவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நாம் சோறு வைக்கும் சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணின் பறவையே அல்ல. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், மலாயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அவற்றைத் தின்னட்டும் என்று துரைமார் இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். என் பாட்டனாரைக் கொண்டுவந்ததுபோலவே என்று வைத்துக்கொள்ளுங்களேன்! காப்பி போய் ரப்பர் வந்தது. காகம் மட்டும் தங்கிவிட்டது. சிங்கப்பூரில் அது தென்படத் தொடங்கியது 1940களில்தான். காப்பிக்கடை வாசலில் மேசை மேல் ஏறி நிற்கும் கறுப்பு மைனாவும் வந்தேறிதான். 1920களில் கூண்டுப் பறவையாக வந்த ஜாவா மைனா அது. வேடிக்கை என்னவென்றால், கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே தன் சொந்த ஜாவாவில் அது அருகிவிட்டது.

வந்தேறி என்பதால் வெறுக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மாடப்புறா ஆண்டு முழுவதும் முட்டையிடக்கூடியது. தீனி தாராளமாகக் கிடைத்தால் ஈடுகளும் கூடும். பிள்ளைகளே, இது ஆறாம் வகுப்புக் கணக்குதான். காகம் பெருகினால் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கும் வசதி. விடியற்காலை ஐந்து மணிக்குக் குயில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் செய்பவர்களே, அந்தக் குயிலை வளர்த்த செவிலித்தாய் காகம். அந்தக் காகத்துக்குச் சோறு போட்டது யார்?

நம் கோயிலுக்கே வருவோம். சென்ற குடமுழுக்குக்கு முன் கோபுரத்தில் சாரம் கட்டியபோது நானும் மேலே ஏறிப் பார்த்தேன். சுதைச் சிற்பங்களின் தோளிலும் மடியிலும் விரல் தடிமனுக்கு எச்சம். நீங்கள் கொடுத்த திருப்பணிப் பணத்தில் பூசிய வண்ணத்தை அது அரித்திருந்தது. மீந்த சோற்றைத் தேடி இரவில் வரும் எலிகளைப் பற்றி மடைப்பள்ளியில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள். நான் சொன்னால் இன்றைய விருந்து இறங்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் 1 முதல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ், காட்டுயிர்களுக்கு உணவிடுவது சிங்கப்பூர் முழுவதும் குற்றம். புறாவும் அதில் அடங்கும். முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துப் பக்கம் போனவர்களுக்குக் காரணம் விளங்கும். குரங்குக்கு ஒருவர் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கினால், அடுத்து வருபவரின் பிளாஸ்டிக் பை பறிபோகிறது. பிறகு கடித்துவிட்டது என்று புகார் போகும். பிடிபடுவது குரங்கு, பழம் கொடுத்தவர் அல்ல.

இப்படிச் சொன்னால், “அப்படியானால் பறவையோடு நமக்கு உறவே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

1996இல் தொடக்கப்பள்ளி மாணவர்களைச் சுங்கை புலோவுக்கு அழைத்துப் போனேன். இயற்கை ஆர்வலர்கள் கண்டுசொல்லி, அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்து, 1993இல் திறக்கப்பட்ட இடம் அது. நாங்கள் போனது அக்டோபர் மாதம். கடல் வற்றியிருந்தது. சேற்றில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் நடந்துகொண்டிருந்தன. சிவப்புக் காலுள்ள பவளக்கால் உள்ளானை ஒரு பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். இவை வடக்கே பனி உறையும் நாடுகளில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்பி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகின்றன, சில இன்னும் தெற்கே ஆஸ்திரேலியா வரை போகும், மார்ச் வாக்கில் திரும்பிவிடும் என்று விளக்கினேன். அந்தப் பையன் கேட்டான்: “சார், இதுக்கெல்லாம் இங்கே யார் சாப்பாடு போடுறாங்க?”

“சேறுதான்” என்றேன். சேற்றுக்குள் புழு, நத்தை, சிறு நண்டு எல்லாம் இருக்கிறது; கடல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பந்தி விரிக்கிறது என்றேன். நல்ல பதில் என்று அன்று எனக்கே ஒரு பெருமை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, அம்மாவோடு சேர்ந்து சன்னலில் சோறு வைத்தேன்! பாடம் நடத்தியவனுக்கே பாடம் ஏற இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

இப்போது காலையில் பைனாகுலரோடு நடக்கிறேன். பணி ஓய்வுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. விலை உயர்ந்தது தேவையில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். சூரியன் உதித்த பிறகு முதல் இரண்டு மணி நேரம் நல்ல நேரம். அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும், கூட்டுக்குக் கிட்டே போகக் கூடாது, கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி அழைக்கக் கூடாது. பறவைக்குத் தண்ணீராவது வைக்கலாமே என்று மாடத்தில் கிண்ணம் வைக்காதீர்கள். கொசு முட்டையிட்டால் அதற்குத் தனி அபராதம்.

சென்ற ஆண்டு சாங்கியில் இருவாட்சியைப் பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தீவை விட்டு மறைந்துபோன பறவை. 1994இல் புலாவ் உபினில் ஒரு சோடி காணப்பட்டது. பெரிய மரப்பொந்துகள் குறைந்துவிட்டதால், ஆய்வாளர்கள் மரத்தில் கூட்டுப்பெட்டி கட்டி உதவினார்கள். இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பெட்டை பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு கீறல் மட்டும் இருக்கும். அதன் வழியாகச் சேவல் வாரக்கணக்கில் பழம் ஊட்டும். நான் பார்த்த சேவல் ஆலம்பழத்தைத் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. ஒன்பது என்று எண்ணினேன். பத்தாவதை எண்ணுமுன் கண்ணாடியில் ஈரம் படிந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் கோயில் அரசமரம் காய்த்திருக்கும்போது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கே பச்சைப்புறாக்கள் உட்கார்ந்திருக்கும். இலையோடு இலையாக இருப்பதால் அசையும்வரை தெரியாது. சேவலுக்குக் கழுத்து இளஞ்சிவப்பு, மார்பு ஆரஞ்சு. இது இந்த மண்ணின் புறா. நாம் தரையில் இறைக்கும் சோற்றுக்கு இறங்கி வராது. அதற்குப் பழம்தான் வேண்டும். அன்றைக்கு மரம் நட்ட பெரியவர் யாரென்று பதிவேட்டில் தேடிப் பார்த்தேன், பெயர் இல்லை. செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. குடமுழுக்கன்று மட்டும் கருடனைத் தேடி அண்ணாந்து பார்க்கிறோம். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாக, மற்ற நாட்களிலும் அவர் நீர்த்தேக்கங்களின் மேல் வட்டமிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பாட்டி, இன்னும் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை. எனக்கும் அமாவாசை உண்டு. குருக்களிடம் மனம் விட்டுக் கேட்டேன். அவர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். இதுதான் விதி என்று சொல்ல நான் ஆளில்லை. வீட்டில் அம்மா படத்துக்கு முன் இலை போட்டு, காகத்தை நினைத்து ஒரு பிடி வைக்கிறேன். பிறகு அதை நானே உண்கிறேன். அன்றைய அரிசிக்கான காசை நம் அன்னதான உண்டியலில் போடுகிறேன். முதல் அமாவாசையன்று மனம் ஒப்பவில்லை. சாத்திய சன்னலுக்கு வெளியே ஒரு காகம் வந்து கரைந்தது. எழுந்து போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அது பறந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கழுத்தில் இருந்த சாம்பல் நிறத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். ஒரே ஓர் அறிவிப்பு. அரசமரத்தில் இப்போது பழம் பிடித்திருக்கிறது. வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மரத்தடியில் இருப்பேன். பைனாகுலர் இரண்டு இருக்கின்றன. முறை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரட்டும். ரொட்டி மட்டும் வேண்டாம். பாட்டி, உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.