தோலும் சொல்லும்



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இவ்வட்டத்தில், ஒரு சொல்லின் பயணத்தைப் பற்றிப் பேச விழைகிறேன்.

பண்டைய கிரேக்கரின் கைப்பறைக்குத் 'திம்பனோன்' என்று பெயர். அடித்தல் என்னும் பொருளுடைய வினையடியோடு அப்பெயரை இணைப்பர். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, இடக்கையில் நிமிர்த்திப் பிடித்து, வலக்கை விரல்களால் முழக்கினர். முழக்கியோர் பெரும்பாலும் பெண்கள். டயோனிசஸ் வழிபாட்டிலும், சிபெலி என்னும் தாய்த்தெய்வத்தின் வழிபாட்டிலும் அது ஒலித்தது. யூரிப்பிடிஸ் மறைந்தபின், கி.மு. 405 அளவில் அரங்கேறிய 'பாக்கே' நாடகத்தில் டயோனிசஸைப் பின்தொடரும் பெண்கள் இப்பறையோடு தீப்ஸ் நகருக்கு வருகின்றனர். மன்னன் பெந்தியஸ், அவர்களை விற்றுவிடப்போவதாக, அன்றேல் பறையினின்று அவர்தம் கைகளை விலக்கித் தறியில் அமர்த்தப்போவதாக மிரட்டுகிறான்.

கைகளைத் தடுக்கலாம், சொல்லைத் தடுக்க இயலுமோ? அது இலத்தீனுக்குச் சென்று 'திம்பனம்' ஆயிற்று. வட்டவடிவு கண்ட வர்ஜில், ஆரக்கால் இல்லாத வண்டிச் சக்கரத்தை அப்பெயரால் அழைத்தார். கட்டடக்கலை நூல் செய்த விட்ருவியஸ், நீர் இறைக்கும் உருளைக்கும், கோயில் முகப்பின் முக்கோணப் பரப்புக்கும் அதனையே வழங்கினார். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஃபலோப்பியோ நடுச்செவிக்கு அப்பெயரைச் சூட்டினார். கை அச்சுப்பொறியில் தாளைத் தாங்கும், தோல் போர்த்த சட்டமும் அப்பெயர் பெற்றது. பிரெஞ்சு மொழியில் அது 'தேம்பர்' எனத் திரிந்து, மணியாகி, ஒலியின் தனிநிறமாகி, அஞ்சல் தலையாகவும் ஆயிற்று.

இப்பயணத்தில் இருளும் உண்டு. கிரேக்கத்தில் அதே சொல் வதைக்கருவியையும் குறித்தது. எபிரெயருக்கு எழுதிய திருமுகத்தின் கிரேக்க மூலத்தில், 11ஆம் அதிகாரம் 35ஆம் வசனத்தில், அதன் வினைவடிவம் 'வதைக்கப்பட்டனர்' என்னும் பொருளில் நிற்கிறது. பரவசத்தின் பெயரே வாதையின் பெயருமாயிற்று.

நாமும் 'செவிப்பறை' என்கிறோம். உடலுக்குள் பறைக்கு இடமளித்த நம் மொழி, பறை முழக்கியவரை ஊருக்குப் புறத்தே நிறுத்திய சமூகத்தில்தான் வழங்கியது. கிரேக்கத்திலும் பறையின் பெயர் செழித்தது. முழக்கிய பெண்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

கவிஞர்களே, ஒன்றன் வடிவை வேறொன்றில் கண்டு பெயரிடுவது உங்கள் தொழில். அவ்வாறு சொல்லைப் புதுப்பொருளுக்கு அழைத்துச் செல்லும்போது, அதனை முதலில் ஒலிக்கச் செய்த கைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதுவே என் வேண்டுகோள்.