கிணற்றில் ஏறிய கடல்: மீஞ்சூர் தரும் பாடம்
(உழவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்றதும் துறைமுகமும் ஆலைப் புகைபோக்கிகளும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வட்டார நெல் வயல்கள் உள்ளன. ஆரணியாறும் கொசத்தலையாறும் கொண்டு வந்து சேர்த்த மணற்படுகை அங்கே நிலத்தடியில் பரந்து கிடக்கிறது. அந்தப் படுகை நீருக்கு நேர்ந்த கதி கடலோர உழவர் அனைவருக்கும் ஒரு பாடமாகும்.

1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களை நீர்வளம் மிக்கவை என்று கண்டது. அங்கே ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து மணலி ஆலைகளுக்கும் சென்னை நகருக்கும் நீர் எடுத்தார்கள். உழவர்களும் மின் மோட்டார் வைத்து இறைத்தார்கள். மழை ஊட்டிய நீரைவிட இறைத்த நீர் மிகுந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோ மீட்டர் வரை இருந்த உப்பு நீர், பின்னர் 10 கிலோ மீட்டருக்கும் அப்பால் பரவியது.

இது எப்படி நேர்கிறது? கடல் நீர் கனமானது. நல்ல நீர் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை கடல் நீரைத் தள்ளி நிறுத்தும். அந்த 1 அடியை இறைத்துவிட்டால் 40 அடிக்கு உப்பு மேலேறும். ஆகவே கடலோரத்தில் ஆழத்தை நாடினால் உப்பையே நாடியதாகும்.

1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆனால் 2000-த்தை ஒட்டிய வறட்சி ஆண்டுகளில், இதே வட்டாரத்து உழவர் கிணறுகளிலிருந்து நகருக்கு நீர் விலைக்கு வாங்கப்பட்டது. விற்றவருக்குப் பணம் கிடைத்தது. அடுத்த வயல்காரருக்கும் கூலியாளுக்கும் என்ன கிடைத்தது? நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். நல்ல நீர் சுரந்த மீஞ்சூருக்கு அருகே, கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது!

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின் மாதிரி எடுங்கள்.

2. உவர் வேறு, களர் வேறு. ஜிப்சம் களர் நிலத்துக்கே மருந்து. உவர் நிலத்தில் வடிகால் வெட்டி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடியுங்கள்.

3. உப்பு கண்ட நிலத்துக்குக் கோ 43 போன்ற தாங்கும் நெல் இரகம், பருத்தி, கேழ்வரகு ஏற்றவை. உளுந்தும் பச்சைப்பயறும் தாங்கா. பசுந்தாளுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதையுங்கள்.

4. ஏரி, குளங்களைத் தூர் வாருங்கள், பண்ணைக்குட்டை அமையுங்கள். தடுப்பணையில் நிற்கும் நீர் நிலத்தில் இறங்கிக் கடலைப் பின்னுக்குத் தள்ளும்.

ஒருவர் மட்டும் மோட்டாரை நிறுத்துவதால் பயனில்லை. ஊர் கூடி, எத்தனை மணி நேரம் இறைப்பது, வெளியாருக்கு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். உப்பு ஏற ஒரு தலைமுறை போதும். இறங்க அதைவிட நெடுங்காலம் ஆகலாம்.