நிழற்கூரைப் பணியை யாரிடம் ஒப்படைப்பது?

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் கட்டிடக் குழு உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிவாசலின் முன்புறத் திடலில் புதிய நிழற்கூரை அமைப்பதென்று நாம் தீர்மானித்திருக்கிறோம். ஜும்ஆ நாட்களில் உட்பள்ளி நிரம்பிய பின் வருவோர் சுடுகின்ற தளத்தில் சுஜூது செய்வதை ஒவ்வொரு வாரமும் காண்கிறோம். ஆகவே கூரை தேவைதானா என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. பணியை யாரிடம் ஒப்படைப்பது என்பது பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் கட்டுமான மேற்பார்வையாளராக இருந்தவன் என்பது ஒன்று. இதே திடலில் முன்பு போட்ட கூரைக்கு, வந்த மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்துக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன் என்பது மற்றொன்று.

அந்தக் கூரை புயலில் விழவில்லை. ஒரு கோடை மழைக்கு முன் வீசிய காற்றில், அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே, இரண்டு தூண்களோடு பெயர்ந்து மதிலின் மேல் சாய்ந்தது. அரை மணி நேரத்திற்கு முன்புதான் மதரஸாப் பிள்ளைகள் அதன் நிழலில் ஓதி முடித்து வீடு சென்றிருந்தனர். அல்லாஹ் காப்பாற்றினான். ஒப்பந்தக்காரரைத் தேடினோம்; அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் எழுதித் தந்தது எதுவும் நம் கோப்பில் இல்லை. முன்பணம் பெற்ற ரசீது ஒன்றே இருந்தது.

அன்று நாம் சதுர அடி விலையைக் கேட்டோம். காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. மதீனா நகரில் மஸ்ஜிதுந் நபவியின் முற்றத்திலுள்ள 250 பெருங்குடைகளை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவை விரியவும் மடங்கவும் கூடியவை. நம் கூரையை மடக்க முடியாது. வருகின்ற காற்றையெல்லாம் அது நின்றே தாங்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். திறந்த கூரையைக் காற்று அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்கவும் செய்யும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, கட்டுமானங்கள் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்பதை ஊர்வாரியாகக் கூறுகிறது. அதன்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கு 39. ஐம்பது மீட்டர் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ விசை உண்டாகும். இருபதுக்கு முப்பது அடிக் கூரையில் இது எட்டு டன்னைத் தாண்டும். கூரையின் சாய்வையும் உயரத்தையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். தளக்கல்லின் மேல் நான்கு போல்ட்டுகளால் பொருத்திய தூண் இதைத் தாங்குமா? நம் பழைய தூண்கள் அப்படித்தான் பொருத்தப்பட்டிருந்தன.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில், 120 அடிக்கு 120 அடி அளவுள்ள விளம்பரப் பலகை காற்றில் சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். அதன் அஸ்திவாரம் போதுமானதாக இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும் வாகனத்திற்கு எரிபொருள் நிரப்ப வந்தவர்களும் பலகையின் அஸ்திவாரத்தை எப்படி அறிவார்கள்? நம் திடலில் தொழ வருபவரும் அறிய மாட்டார். நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே இம்முறை விலைப்புள்ளி தருவோரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டுப் பெற வேண்டுகிறேன்.

முதலாவதாக, அவர் அமைத்து மூன்று மழைக்காலங்களேனும் கடந்த கூரை ஒன்றைக் காட்ட வேண்டும். புகைப்படம் போதாது; நேரில் செல்ல வேண்டும். வெல்டிங் இணைப்புகளில் துரு இருக்கிறதா, துணியின் மூலைத் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுது ஏற்பட்டபோது அழைத்தால் வந்தாரா என்று அவ்விடத்தாரிடம் தனியே விசாரிக்க வேண்டும்.

இரண்டாவதாக, எந்தக் காற்று வேகத்திற்குக் கணக்கிடப்பட்டது என்று குறிப்பிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் வேண்டும். அஸ்திவாரக் குழியின் ஆழமும் கான்கிரீட்டின் அளவும் அதில் இருக்க வேண்டும். “நாங்கள் எத்தனையோ போட்டிருக்கிறோம்” என்பது இதற்கு விடையாகாது.

மூன்றாவதாக, குழாயின் விட்டத்தோடு அதன் கனமும் மில்லிமீட்டரில் எழுதப்பட வேண்டும். விலை குறையும்போது முதலில் குறைவது கண்ணுக்குத் தெரியாத இந்தக் கனமே. உப்புக்காற்று வீசும் ஊரில் ரெட் ஆக்ஸைடு பூச்சு மட்டும் போதாது. துத்தநாகம் தோய்த்த குழாயா என்பதையும் கேட்க வேண்டும்.

நான்காவதாக, உத்தரவாதத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். துணிக்கு அதைத் தயாரித்த ஆலை தரும் உத்தரவாதம், தையலுக்கும் தூண்களுக்கும் பொருத்திய வேலைக்கும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டுகள், பொறுப்பாளர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பணத்தைப் பணியின் படிநிலைகளுக்கேற்பத் தர வேண்டும். அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, தூண்கள் நின்றதும் ஒரு பகுதி, கூரை முடிந்ததும் ஒரு பகுதி. பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கடக்கும் வரை நிறுத்தி வைப்போம். தம் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு மறுக்க மாட்டார்.

இவ்விவரங்களை நாமே ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்து விலை கேட்போம். ஜி.எஸ்.டி. உட்பட்டதா, மழைநீர் எங்கே வடியும் என்பனவும் அதில் இருக்கட்டும். அப்போதுதான் மூன்று விலைகளையும் ஒப்பிடுவது நியாயமாகும்.

“அவர் நமக்குத் தெரிந்தவர், எழுத்து எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். எழுதுவது ஐயத்தின் அடையாளமன்று. இரு தரப்பாருக்கும் பாதுகாப்பு.

வெயிலில் நின்று தொழுபவர் தம் கூலியிலிருந்து உண்டியலில் இட்ட பத்து ரூபாயும் இந்தக் கூரையில் சேர்கிறது. அது நம் கையிலுள்ள அமானிதம். அவர் பிள்ளை அந்த நிழலில் அமர்ந்து ஓதப் போகிறது. அந்தப் பிள்ளையும் நமக்கு அமானிதமே. முன்பு நாங்கள் செய்த தவறு இம்முறை நிகழாதிருக்க, கையொப்பமாகும் ஒப்பந்தத்தின் நகலைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று முன்மொழிந்து அமர்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பணிகளைப் பொருந்திக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.