காலிப் பையில் நடந்த சோதனை



குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாதிருக்கும் உணவுக்கு எப்படிப் பை செய்வது, அதை எப்படிச் சோதிப்பது என்று இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேசப்போகிறோம். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். ஆக்சிஜன் எவ்வளவு புகுகிறது, ஈரம் எவ்வளவு புகுகிறது என்று பெரும்பாலானவை பையின் தாளைப் பற்றியே பேசுகின்றன. நல்ல வேலைதான். ஆனால் நான் பார்த்தவரை, பை தோற்றுப்போவது அநேகமாக அங்கே அல்ல.

ஒரு காலத்தில் தாள்தான் சிக்கலாக இருந்தது. ஜப்பானில் ஓட்சுகா நிறுவனம் 1968-இல் 'போன் கறி' என்ற பைக் குழம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துநீரைக் கிருமி நீக்கிய கைப்பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் முதலில் வந்த பிளாஸ்டிக் பை இரண்டு மூன்று மாதம்தான் தாங்கியது. போகிற வழியில் அடிபட்டு உடையவும் செய்தது. மறு ஆண்டு அலுமினியத் தாளைச் சேர்த்த பிறகே அது நாடு முழுக்கப் போனது.

உணவோடு சேர்த்துச் சூட்டில் கிருமி நீக்கும் நம் ரிடார்ட் பையில் இன்று வெளியே பாலியெஸ்டர், நடுவே சுமார் 9 மைக்ரான் அலுமினியம், குத்துத் தாங்க நைலான், உள்ளே சீல் பிடிக்கப் பாலிப்புரொப்பிலீன். 121 டிகிரி வெப்பத்தை அது தாங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வம்பு.

ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், சாம்பார் சாதப் பைகள் ஊதிக்கொண்டு திரும்பி வந்தன. சீல் இயந்திரத்தின் சூடு சரி, அழுத்தம் சரி, சீல் இழுவைச் சோதனையிலும் தேறியிருந்தது. ஒரு பையை வெட்டி, சீலை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம். தாளித்த கடுகு ஒன்று நடுவில் மாட்டியிருந்தது; அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு. நிரப்புகிற குழாய் மேலே எழும்போது சொட்டியதுதான். பை ஆறிச் சுருங்குகையில் குளிர்நீர் அந்த இடுக்கு வழியே உள்ளே போயிருக்கிறது. இழுவைச் சோதனை நடந்ததோ துடைத்து வைத்த காலிப் பையில்!

பைகளை அடுக்கும் அட்டைப்பெட்டியின் கதையும் அதுதான். 23 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்து நசுக்கிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். ஐப்பசி மழையில் நாகப்பட்டினத்துக் கிடங்கு அப்படியா இருக்கும்? ஈரம் குடித்த அட்டை தளர்ந்துவிடும், அடுக்கின் கீழ்ப்பெட்டி உட்காரும், பைகள் மடங்கும். மடங்கிய இடத்தில் அலுமினியத்தில் ஊசித்துளை விழும். கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சோதித்த பையில் உணவு இருந்ததா, பெட்டி எந்த ஈரப்பதத்தில் நின்றது என்பதை முதலில் சொல்லுங்கள். தேறியவற்றோடு உடைந்தவற்றின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். உடைந்த பை யாரிடமாவது இருந்தால், கூச்சப்படாமல் வெளியே போட்டிருக்கும் மேசையில் கொண்டுவந்து வையுங்கள். இடைவேளையில் எல்லோரும் பார்க்கலாம். முதல் அமர்வைத் தொடங்குவோம்.